பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கு எஃப்.ஐ.ஆர். என்றால் என்னவென்று தெரியவேண்டாமா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஏதாவது ஒரு பெரிய வழக்கு தலைப்புச் செய்தியானதும், 'பள்ளிப் பாடத்தில் சட்டத்தைச் சேர்க்க வேண்டும்' என்று நாலு பேர் அறிக்கை விடுகிறார்கள். அடுத்த செய்தி வந்ததும் அந்தப் பேச்சு அப்படியே அடங்கிவிடுகிறது. நான் குற்றவியல் நடுவர் நீதிமன்றத்தில் பெஞ்ச் கிளார்க்காக இருந்து ஓய்வுபெற்றவள். வழக்கைக் கூப்பிடுவது, சாட்சிக்கு உறுதிமொழி சொல்லிவைப்பது, ஆவணங்களுக்கு எண் போடுவது, வாய்தா தேதி குறிப்பது என்று என் வேலைக்காலம் முழுக்க நீதிபதியின் மேசைக்குக் கீழே, சாட்சிக்கூண்டுக்கு எதிரே உட்கார்ந்திருந்தவள். அந்த நாற்காலியிலிருந்து பார்த்ததை வைத்துத்தான் இந்தக் கடிதத்தை எழுதுகிறேன். பிள்ளைகளுக்குச் சட்டம் தேவை. ஆனால் உச்ச நீதிமன்றத்திலிருந்து ஆரம்பிக்காமல், காவல் நிலையத்து வாசலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

பத்தாம் வகுப்பு சமூக அறிவியலில் அரசியலமைப்பு இருக்கிறது, மத்திய அரசு, மாநில அரசு எல்லாம் இருக்கிறது. உச்ச நீதிமன்ற நீதிபதி எந்த வயதில் ஓய்வு பெறுவார் என்று கேளுங்கள், 65 என்று சட்டென்று பதில் வரும். உயர் நீதிமன்றம் என்றால் 62. சரி, உன் அண்ணனை இன்று சாயங்காலம் போலீஸ் கைது செய்து கொண்டுபோனால் எத்தனை மணி நேரத்துக்குள் நீதிபதி முன்னால் நிறுத்த வேண்டும் என்று கேட்டுப் பாருங்கள். வகுப்பே அமைதியாகிவிடும். பயண நேரம் போக 24 மணி நேரம் என்று அரசியலமைப்பின் 22ஆவது பிரிவே சொல்கிறது. கைதுக்கான காரணத்தைச் சொல்ல வேண்டும், விருப்பப்பட்ட வழக்கறிஞரைக் கலந்துகொள்ள விட வேண்டும் என்பதும் அதே பிரிவில்தான் இருக்கிறது. அடிப்படை உரிமைகளை வரிசையாக மனப்பாடம் செய்த பிள்ளைகளுக்கு, அந்த வரிசையில் ஒன்று தன் வீட்டுக் கதவை என்றைக்காவது தட்டலாம் என்று யாரும் சொல்லித்தருவதில்லை.

நீதிமன்றத்துக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் உச்ச நீதிமன்றத்தின் படிக்கட்டை வாழ்நாளில் மிதிக்கப் போவதில்லை. அவர்களுடைய நீதிமன்றம் தாலுகா நீதிமன்றம்தான். அங்கே வருவதற்கு முன்பே, காவல் நிலையத்தில் கையில் கொடுக்கப்பட்ட காகிதத்திலேயே பாதி வழக்கு முடிவாகியிருக்கும். நான் திரும்பத் திரும்பப் பார்த்தது இதை: ஒரு தாய், மடித்து மடித்து நைந்துபோன ஒரு சீட்டை முந்தானையிலிருந்து எடுத்து, "என் கேஸ் எப்பம்மா கூப்பிடுவீங்க?" என்று கேட்பார். பிரித்துப் பார்த்தால் அது சி.எஸ்.ஆர். ரசீது. புகார் மனு வந்தது என்பதற்குக் காவல் நிலையம் கொடுக்கும் அத்தாட்சி, அவ்வளவுதான். வழக்குக்குத் தொடக்கமான எஃப்.ஐ.ஆர். என்னும் முதல் தகவல் அறிக்கை பதிவாகவே இல்லை. பதிவாகாத வழக்குக்கு நீதிமன்றத்தில் எண் ஏது, தேதி ஏது? அந்த அம்மா மாதக்கணக்கில் வழக்கு நடந்துகொண்டிருப்பதாக நம்பிக் காத்திருந்திருக்கிறார். அவருக்குப் பக்கத்தில் பள்ளிச் சீருடையோடு நின்ற மகளுக்கும் அந்த வித்தியாசம் தெரியவில்லை என்பதுதான் என்னை உறுத்தியது. எழுதப் படிக்கத் தெரிந்த பெண். சீட்டின் மேலே என்ன அச்சாகியிருக்கிறது என்று வாசிக்கத் தெரிந்தவள். அதற்கு என்ன பொருள் என்று யாராவது ஒரு மணி நேரம் செலவிட்டுச் சொல்லியிருந்தால் போதும்.

பிடியாணை இல்லாமலே கைது செய்யக்கூடிய குற்றம் நடந்ததாகப் புகார் சொன்னால், எஃப்.ஐ.ஆர். பதிவு செய்தே ஆகவேண்டும் என்று லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு 2013இல் சொல்லிவிட்டது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆவது பிரிவின்படி, குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் புகார் கொடுக்கலாம், எஃப்.ஐ.ஆர். நகலை இலவசமாகக் கேட்டு வாங்கலாம். மூன்று முதல் ஏழு ஆண்டுக்குள் தண்டனை உள்ள சில குற்றங்களில், மேலதிகாரியின் அனுமதியோடு 14 நாள் முதல்கட்ட விசாரணை நடத்த இடம் உண்டு. நிலையத்தில் வாங்க மறுத்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு எழுதி அனுப்பலாம். அங்கேயும் நடக்கவில்லை என்றால் நடுவர் நீதிமன்றத்துக்கு வரலாம். மொத்தமாகச் சொல்லித்தர ஒரு பாடவேளை போதும். நான் பார்த்தவரை, இந்த ஒரு பாடவேளை எந்த வகுப்பிலும் இல்லை.

சட்டம் என்ற பேச்சே பள்ளியில் எழுவதில்லை என்று சொல்லமாட்டேன். எழுகிறது, ஆனால் பயமுறுத்துவதற்காக. காலை வணக்கக் கூட்டத்தில் யாராவது ஒருவர் மைக்கைப் பிடித்து, 'போக்சோவில் உள்ளே போட்டால் வாழ்க்கையே போச்சு', 'வண்டி ஓட்டினால் அப்பா ஜெயிலுக்குப் போவார்' என்று சொல்லிவிட்டு இறங்கிவிடுவார். சொல்வதில் உண்மை இருக்கிறது, மறுக்கவில்லை. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்க வந்த போக்சோ சட்டம், 18 வயதுக்குக் கீழே இருப்பவரின் சம்மதத்தைச் சம்மதமாகவே எடுத்துக்கொள்வதில்லை. பதினொன்றாம் வகுப்புப் பையனுக்கும் பெண்ணுக்கும் அது கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும். சிறுவன் வண்டி ஓட்டிக் குற்றம் நடந்தால், வண்டி உரிமையாளருக்கோ பெற்றோருக்கோ மூன்று ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு, அந்தப் பையனுக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தம் சொல்கிறது. இதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஆனால் அதே போக்சோ சட்டத்தின் இன்னொரு பக்கத்தை எந்த மைக்கிலும் நான் கேட்டதில்லை. பாதிக்கப்பட்ட குழந்தையின் வாக்குமூலத்தை அதன் வீட்டிலோ அது விரும்பும் இடத்திலோதான் வாங்க வேண்டும். கூடியமட்டும் பெண் அதிகாரிதான் வாங்க வேண்டும், அவர் சீருடையில் இருக்கக் கூடாது. இரவில் எந்தக் குழந்தையையும் காவல் நிலையத்தில் வைத்திருக்கக் கூடாது. சாட்சி சொல்லும்போது குற்றம் சாட்டப்பட்டவரின் முகத்தைப் பார்க்கவேண்டிய நிலை வராமல் நீதிமன்றம் ஏற்பாடு செய்ய வேண்டும். பெயரும் படமும் பள்ளி விவரமும் பத்திரிகையில் வரக் கூடாது. ஒரு பெண் குழந்தை வாயைத் திறக்காமல் இருப்பதற்கு முக்கியக் காரணமே, 'சொன்னால் எல்லாருக்கும் தெரிந்துவிடும், ஸ்டேஷனில் உட்காரவைப்பார்கள்' என்ற பயம்தான். அந்தப் பயத்துக்குச் சட்டமே பதில் எழுதி வைத்திருக்கிறது. அதைச் சொல்லாமல் தண்டனையை மட்டும் சொன்னால், யாருக்காகச் சட்டம் வந்ததோ அந்தக் குழந்தையையும் சேர்த்தே மிரட்டுகிறோம்.

இளஞ்சிறார் நீதிச் சட்டமும் இப்படித்தான். 2015ஆம் ஆண்டுச் சட்டப்படி 18 வயதுக்குக் கீழ் உள்ள யாரையும் காவல் நிலைய லாக்கப்பிலோ சிறையிலோ அடைக்கக் கூடாது. இளைஞர் நீதிக் குழுமத்தின் முன்தான் நிறுத்த வேண்டும். அந்தக் குழுமத்தில் ஒரு நடுவரும், சமூகப் பணியாளர்கள் இரண்டு பேரும் இருப்பார்கள், இருவரில் ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும். அங்கே உயர்ந்த மேடை கிடையாது, கூண்டு கிடையாது. பிள்ளைக்குச் சமமாக உட்கார்ந்து பேச வேண்டும் என்றே விதி. விலங்கு மாட்டக் கூடாது. 16 வயதைத் தாண்டியவர் மீது கொடிய குற்றம் சாட்டப்பட்டால் மட்டும், அவரைப் பெரியவராக வைத்து விசாரிக்கலாமா என்று குழுமம் முதலில் பரிசீலிக்கும். இதெல்லாம் தெரிந்தால் பிள்ளைகள் துணிந்து தப்பு செய்வார்கள் என்று ஒரு தலைமையாசிரியர் என்னிடமே சொன்னார். அவர்மேல் எனக்கு மரியாதை உண்டு, ஆனாலும் ஒப்புக்கொள்ள முடியவில்லை. தப்பு செய்கிற பையன் சட்டப் புத்தகத்தைப் பார்த்துவிட்டுச் செய்வதில்லை. தப்பே செய்யாமல் மாட்டிக்கொள்கிற பையனுக்குத்தான் இந்த விவரம் தேவைப்படுகிறது.

எனக்குத் தெரிந்த ஒரு சமூக அறிவியல் ஆசிரியை அவருடைய ஒன்பதாம் வகுப்புக்கு என்னை அழைத்தார். என்ன பேசுவது என்று யோசித்து, பேசவே வேண்டாம், ஒரு வழக்கை நடத்திப் பார்த்துவிடலாம் என்று முடிவு செய்தோம். சைக்கிள் திருட்டு வழக்கு. பள்ளி ஸ்டாண்டில் நின்ற சைக்கிள் காணோம். மாணவன் ஒருவன் அதைத் தள்ளிக்கொண்டு போனதைக் காவலாளி பார்த்ததாகச் சொல்கிறார். ஒரு பிள்ளை நீதிபதி, ஒருவர் அரசு வழக்கறிஞர், எதிரி, அதாவது குற்றம் சாட்டப்பட்டவன் தரப்பில் வாதாட ஒரு பெண். மற்றவர்கள் சாட்சிகள், மிச்சம் பேர் பார்வையாளர்கள். ஆரம்பிக்கும் முன் கேட்டேன்: "எதிரி குற்றவாளி என்று நினைக்கிறவர்கள் கை தூக்குங்கள்." ஏறக்குறைய எல்லாக் கைகளும் மேலே. ஏன் என்று கேட்டால், "போலீஸ் பிடிச்சிருக்காங்களே மேடம்!"

விசாரணை ஆரம்பித்தது. முதல் சாட்சியே, "என் ஃப்ரெண்டு சொன்னான், இவன்தான் எடுத்தானாம்" என்றான். நிறுத்தினேன். "உன் ஃப்ரெண்டு பார்த்திருந்தால் அவன்தான் கூண்டில் ஏற வேண்டும். நீ உன் கண்ணால் பார்த்ததை, காதால் கேட்டதைத்தான் சொல்லலாம்." அடுத்து, இன்ஸ்பெக்டராக இருந்தவன் ஒரு தாளை நீட்டினான்: "எங்ககிட்ட அவனே ஒத்துக்கிட்டான்." வகுப்பில் ஒரே ஆரவாரம், வழக்கு முடிந்துவிட்டது என்று. காவல் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தை எதிரிக்கு எதிராக நிரூபிக்க முடியாது என்று சாட்சியச் சட்டத்தில் பழைய 25ஆவது பிரிவிலும் இருந்தது, இப்போதைய புதிய சட்டத்தில் 23ஆவது பிரிவிலும் இருக்கிறது. "அது எப்படி, அவனே சொன்னதாச்சே?" என்று ஒருவன் கோபமாகவே எழுந்தான். "உன்னை ரெண்டு நாள் தூங்கவிடாமல் உட்காரவைத்துக் கேட்டால் நீ செய்யாததைக்கூட ஒத்துக்கொள்வாயா, மாட்டாயா?" என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு உட்கார்ந்துகொண்டான்.

அப்புறம் காவலாளி கூண்டேறினார். எதிரித் தரப்பு வழக்கறிஞராக இருந்த பெண் வகுப்பில் அதிகம் பேசாதவள் என்று ஆசிரியை பிறகு சொன்னார். எத்தனை மணிக்குப் பார்த்தீர்கள் என்று கேட்டாள். "ஏழு மணி இருக்கும்." விளக்கு எரிந்ததா? "ஸ்டாண்டில் லைட் கிடையாது." முகத்தைப் பார்த்தீர்களா? "முதுகுதான் தெரிஞ்சுது." பிறகு எப்படி இவன்தான் என்று சொல்கிறீர்கள்? "சட்டையை வச்சு." என்ன சட்டை? "ஸ்கூல் யூனிஃபார்ம்."

வகுப்பு மொத்தமும் தன் சட்டையைக் குனிந்து பார்த்தது. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. எத்தனையோ மூத்த வழக்கறிஞர்களின் குறுக்கு விசாரணையை எதிரே உட்கார்ந்து கேட்டவள் நான். நீதிபதியாக இருந்த பையன், சந்தேகத்தின் பலனை எதிரிக்கு அளித்து விடுதலை செய்வதாகத் தீர்ப்பு எழுதினான். மறுபடி கை தூக்கச் சொன்னபோது, முதலில் தூக்கியவர்களில் பாதிப் பேர்கூடத் தூக்கவில்லை.

அதோடு முடியவில்லை. சைக்கிளைப் பறிகொடுத்தவளாக நடித்த சிறுமி எழுந்து, "அப்போ என் சைக்கிள்?" என்றாள். மிச்ச நேரம் முழுவதும் அந்தக் கேள்வியிலேயே போனது. குற்றம் நிரூபணமாகவில்லை என்றால் குற்றமே நடக்கவில்லை என்று ஆகிவிடுமா? சைக்கிள் காணாமல் போனது நிஜம்தானே. அப்படியென்றால் தப்பு எங்கே நடந்தது? ஒரு பிள்ளை, "இன்ஸ்பெக்டர் முதல்லயே ஸ்டாண்டுல லைட் இருக்கான்னு போய்ப் பார்த்திருக்கணும்" என்றான். புலன்விசாரணை என்றால் என்ன என்பதை இதைவிடச் சுருக்கமாக எந்தப் புத்தகமும் சொல்லிவிட முடியாது. இன்னொருத்தி, குற்றம் நிரூபணமாகியிருந்தால் என்ன தண்டனை என்று கேட்டாள். பெரியவராக இருந்தால், புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் திருட்டுக்கு மூன்று ஆண்டு வரை சிறை. ஆனால் பொருளின் மதிப்பு 5,000 ரூபாய்க்குக் கீழே இருந்து, முதல்முறை தண்டிக்கப்படுகிறவர் பொருளையோ அதன் மதிப்பையோ திருப்பிக் கொடுத்துவிட்டால், சமுதாய சேவை செய்யவைப்பதே தண்டனை. பழைய தண்டனைச் சட்டத்தில் இது கிடையாது. சமுதாய சேவையாக என்னென்ன செய்யச் சொல்லலாம் என்று அவர்களே கூடி ஒரு பட்டியல் போட்டார்கள்.

இப்படி ஒரு வழக்கில் எதிரித் தரப்பில் நின்று பேசிய பிள்ளை, அடுத்த நாள் வாட்ஸ்அப்பில் யாரோ ஒருவர் படத்தைப் போட்டு 'இவன்தான் திருடன்' என்று வரும்போது ஒரு நொடியாவது தயங்கும். பிள்ளைகளுக்கு உரிமை தெரிந்தால் எதிர்த்துப் பேசுவார்கள் என்கிறார்களே, எதிர்த்தரப்பு சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்கும் பழக்கம் இதைவிட நன்றாக வேறு எதில் வரும்?

வழக்கு நடத்திப் பார்த்த பிறகு, பிள்ளைகளை நிஜ நீதிமன்றத்துக்கு அழைத்துக்கொண்டு போகலாம். இது பல ஆசிரியர்களுக்கே தெரியவில்லை. குற்றவியல் நீதிமன்றம் திறந்த நீதிமன்றம், பொதுமக்கள் யார் வேண்டுமானாலும் வந்து உட்கார்ந்து பார்க்கலாம் என்பது சட்டம். போக்சோ போன்ற வழக்குகள்தான் மூடிய அறையில் நடக்கும். முன்கூட்டியே நீதிபதிக்கு எழுதி, சாட்சி விசாரணை இருக்கிற நாளாகக் கேட்டுப் போங்கள். வெறும் வாய்தா நாளில் போனால், பெயர் கூப்பிடுவதையும் தேதி தள்ளிப்போவதையும் மட்டும் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியிருக்கும். அதைப் பார்ப்பதிலும் ஒரு பாடம் இருக்கிறது, ஆனால் முதல் பாடமாக அது வேண்டாம். தாலுகா நீதிமன்றத்தில் சாட்சி தமிழில் பேசுவதால், வகுப்பில் சைக்கிள் வழக்கு நடத்திய பிள்ளைகளுக்கு எல்லாமே புரியும். கூண்டில் ஏறுகிற சாட்சி எவ்வளவு நடுங்குகிறார் என்பதையும் அவர்கள் பார்க்கட்டும். உறுதிமொழி சொல்லிவைக்கும்போது, "என்னம்மா சொல்லணும்?" என்று என்னிடமே மெதுவாகக் கேட்டவர்கள் உண்டு. நடந்ததைச் சொல்ல வந்த மனிதர், என்ன சொன்னால் தப்பித்துப் போகலாம் என்று யோசித்துக்கொண்டு நிற்பார். பதினான்கு வயதில் ஒருமுறை அந்தக் கூண்டில் விளையாட்டாக ஏறி இறங்கியவர் நாற்பது வயதில் அப்படி நடுங்கமாட்டார் என்று நான் நம்புகிறேன்.

இலவச சட்ட உதவியைப் பற்றியும் சொல்லாமல் விட முடியாது. 1987ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டத்தின்படி பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதி மற்றும் பழங்குடி வகுப்பினர், மாற்றுத்திறனாளிகள், காவலில் இருப்பவர்கள் ஆகியோர் வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே அரசுச் செலவில் வழக்கறிஞர் கேட்கலாம். மற்றவர்களுக்கு வருமான வரம்பு உண்டு. 15100 என்ற எண்ணில் கூப்பிட்டால் வழி சொல்வார்கள். தாலியை அடகு வைத்து வக்கீலுக்குப் பணம் கட்டிய பெண்கள் எனக்குத் தெரியும், அவர்கள் நின்றிருந்த அதே வளாகத்தில்தான் இந்த உதவியைக் கொடுக்கும் வட்ட சட்டப் பணிகள் குழுவின் அறை இருந்தது. இன்னொரு விஷயம், இன்றைய பிள்ளைகளுக்கு மிகச் சுலபமானது. ஒவ்வொரு வழக்குக்கும் சி.என்.ஆர். என்று எழுத்தும் எண்ணும் கலந்த பதினாறு இலக்க அடையாள எண் இருக்கிறது. இ-கோர்ட்ஸ் செயலியில் அதைப் போட்டால் அடுத்த வாய்தா தேதியும், வழக்கு என்ன கட்டத்தில் இருக்கிறது என்பதும் வந்துவிடும். ஒரு நாள் கூலியை விட்டு, பேருந்து ஏறி, தேதி கேட்பதற்காக மட்டுமே என் மேசைக்கு வந்தவர்களுக்குக் கணக்கே இல்லை. வீட்டில் பத்தாவது படிக்கிற பிள்ளை ஒரு நிமிடத்தில் பார்த்துச் சொல்லியிருக்கலாம்.

யார் சொல்லித்தருவது, ஆசிரியர்களுக்கு ஏற்கெனவே ஆயிரம் வேலை என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். அவர்கள் தலையில் இதையும் கட்ட வேண்டாம். சட்டப் பணிகள் குழுவின் பட்டியலில் வழக்கறிஞர்கள் இருக்கிறார்கள், சட்டம்சார் தன்னார்வலர்கள் இருக்கிறார்கள். சட்ட விழிப்புணர்வு செய்வது அவர்களுடைய கடமைகளில் ஒன்று. தலைமையாசிரியர் ஒரு கடிதம் கொடுத்தால் வருவார்கள். என்னைப் போல ஓய்வுபெற்ற நீதிமன்ற ஊழியர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறோம். எந்தக் காகிதம் எங்கே போகும், எங்கே நின்றுபோகும் என்று எங்களுக்குத் தெரியும். வகுப்பில் ஆசிரியர் கூடவே இருக்க வேண்டும் என்பது மட்டும் அவசியம். வெளியாள் வந்து பேசிவிட்டுப் போனபிறகு, ஏதோ ஒரு பிள்ளை தனியாக ஒன்று சொல்ல நினைத்தால், அது தேடிப்போவது தன் ஆசிரியரைத்தான். அப்படிச் சொல்லப்பட்டது போக்சோ குற்றமாக இருந்தால், அதைக் காவல்துறைக்குத் தெரிவிப்பது அந்த ஆசிரியரின் சட்டப்படியான கடமை என்பதும் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

ஒன்பதாம் வகுப்பிலும் பதினொன்றாம் வகுப்பிலும் வாரம் ஒரு பாடவேளை கொடுங்கள் என்று பள்ளிக்கல்வித் துறையைக் கேட்டுக்கொள்கிறேன். அந்த இரண்டு வகுப்புகளையும் சொல்வதற்குக் காரணம், பத்திலும் பன்னிரண்டிலும் பொதுத்தேர்வு நெருக்கடியில் இதை யாரும் தொடமாட்டார்கள். இதற்குத் தேர்வும் மதிப்பெண்ணும் வைக்காதீர்கள். வைத்தால் 173 என்ற எண்ணைப் பிள்ளைகள் மனப்பாடம் செய்வார்கள், புகார் எழுதத் தெரியாமலே இருப்பார்கள். அதற்குப் பதிலாக, ஆண்டு முடிவதற்குள் ஒவ்வொரு பிள்ளையும் தன் கையால் ஒரு புகார் மனு எழுதட்டும்: என்றைக்கு, எத்தனை மணிக்கு, எங்கே, யார், என்ன செய்தார், யார் பார்த்தார்கள், கீழே கையெழுத்து, தேதி. நான் பார்த்த மனுக்களில் பாதியில் தேதியே இருக்காது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நீதிமன்ற ஊழியர் ஒருவர்